லினக்சில் மறந்த நிர்வாகி கடவுச்சொல்லை மீட்டல் – ஒரு வரலாறு

லினக்சு இயங்குதளத்தில் நிர்வாகியின் கடவுச்சொல் மறந்துபோனால், கணினிக்குள் மீண்டும் நுழைவதற்குக் கையாளப்படும் வழிமுறை கடவுச்சொல் மீட்பு எனப்படுகிறது. மீட்பு என்று பெயர் இருந்தாலும், மறந்துபோன சொல் இம்முறையில் திரும்பக் கிடைப்பதில்லை. பழைய சொல்லின் இடத்தில் புதிய சொல் ஒன்று வைக்கப்படுகிறது, அவ்வளவே. பழைய சொல் என்னவென்று கணினிக்கே தெரியாது. அந்தச் சொல் கணினிக்குள் எந்தக் கோப்பிலும் எழுதி வைக்கப்படுவதில்லை.

கணினிக்குத் தெரியாத ஒரு சொல்லைக் கொண்டு கணினி எவ்வாறு நம்மை அடையாளம் காண்கிறது? சொல்லை மறந்தவர் எந்த வழியாக உள்ளே போகிறார்? அதே வழியில் திருடனும் போக முடியாதா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே நாளில் உருவானதன்று. 1960களில் தொடங்கி ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில், ஒவ்வொரு தவற்றிலிருந்தும் ஒரு பாடமாக அது உருவானது.

ரூட் என்னும் பயனர்

யூனிக்சிலும் அதன் வழியில் எழுதப்பட்ட லினக்சிலும் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. 0 என்னும் எண்ணுக்குரிய பயனர் 'ரூட்' எனப்படுகிறார். தமிழில் இவரை மூலப் பயனர் என்றும் நிர்வாகி என்றும் குறிப்பிடுவர். மற்றப் பயனர்களைக் கட்டுப்படுத்தும் கோப்பு உரிமைகள் ரூட்டைக் கட்டுப்படுத்துவதில்லை. மென்பொருள்களை நிறுவுவது, புதிய பயனரைச் சேர்ப்பது, பிறருடைய கடவுச்சொல்லை மாற்றுவது ஆகிய எல்லாம் இவரால் இயலும்.

எனவே சாதாரணப் பயனர் ஒருவர் தம் கடவுச்சொல்லை மறந்தால் அது சிறிய செய்தியே. ரூட் ஒரே ஆணையில் அவருக்குப் புதிய சொல் அமைத்துத் தருவார். ரூட்டின் சொல்லே மறந்துபோனால்தான் சிக்கல். அவருக்கு மேலே முறையிட அந்தக் கணினிக்குள் வேறு யாரும் இல்லை.

ரூட்டின் சொல்லைப் பலர் அறிந்திருக்க வேண்டிய நிலையைத் தவிர்க்க, 1980ஆம் ஆண்டு வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காகஷால், கிளிஃப் ஸ்பென்சர் ஆகிய இருவரும் 'சூடோ' என்னும் நிரலை எழுதினர். இதன்படி, அனுமதி பெற்ற பயனர் தம் சொந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தே நிர்வாகப் பணிகளைச் செய்யலாம். 2004ஆம் ஆண்டு வெளிவந்த உபுண்டு இதையே இயல்பான முறையாகக் கொண்டு, ரூட் கணக்கைப் பூட்டியே வைத்தது. இதனால் இன்று பலருக்கு நிர்வாகி கடவுச்சொல் என்பது முதற் பயனரின் கடவுச்சொல்தான். மறதி ஏற்படும்போது சிக்கல் இரு முறைகளிலும் ஒன்றே.

கடவுச்சொல்லின் தொடக்கம்

ஒரு கணினியை ஒருவர் மட்டுமே பயன்படுத்திய காலத்தில் கடவுச்சொல்லுக்குத் தேவை இருக்கவில்லை. அறைக் கதவின் பூட்டே போதுமானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய சிடிஎஸ்எஸ் என்னும் நேரப்பகிர்வு முறைமை 1961ஆம் ஆண்டு நவம்பரில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. பலர் தனித்தனி முனையங்களில் அமர்ந்து ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ள இது வழி செய்தது. ஒருவருடைய கோப்புகளை மற்றவர் திறக்காமல் இருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. கணினிக் கடவுச்சொல்லின் வரலாறு பொதுவாக இங்கிருந்தே தொடங்கப்படுகிறது.

அந்தச் சொற்கள் அனைத்தும் ஒரு கோப்பில் உள்ளவாறே எழுதி வைக்கப்பட்டிருந்தன. இதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1962இல் ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரமே கணினி ஒதுக்கப்பட்டிருந்தது. அது அவருடைய ஆய்வுக்குப் போதவில்லை. கோப்புகளை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை மூலம் கேட்கும் வசதி அங்கே இருந்தது. அதைப் பயன்படுத்திக் கடவுச்சொல் கோப்பையே அச்சிட்டு வாங்கிக்கொண்டு, மற்றவர்களின் பெயரில் அவர் கணினியைப் பயன்படுத்தினார். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டார்.

1960களின் நடுவில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. கணினிக்குள் நுழைவோருக்குக் காட்டப்படும் அன்றாட அறிவிப்பை ஒரு நிர்வாகி திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் மற்றொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்தினார். திருத்தி நிரல் இரு வேலைகளுக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உண்டாக்கியதால் இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன்பின் நுழைந்த ஒவ்வொருவர் முன்பும் அனைவருடைய கடவுச்சொற்களும் அறிவிப்பாக வந்து நின்றன. கார்பட்டோ 1990ஆம் ஆண்டின் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் இந்நிகழ்ச்சியை எடுத்துரைத்தார்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்திய பாடம் ஒன்றே. எழுதி வைத்த இரகசியம் என்றேனும் ஒரு நாள் வெளியே வரும்.

எழுதி வைக்காமல் நினைவில் கொள்ளல்

இதற்கான தீர்வு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கே ரோஜர் நீடம், கடவுச்சொல்லை ஒருவழிக் கணக்கு ஒன்றின் வழியாகச் செலுத்தி, அதன் விடையை மட்டும் சேமிக்கும் முறையை உருவாக்கினார். மாரிஸ் வில்க்ஸ் 1968இல் வெளியிட்ட நேரப்பகிர்வுக் கணினிகள் குறித்த நூலில் இம்முறை விளக்கப்பட்டுள்ளது.

ஒருவழிக் கணக்கு என்பது, அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்பப் பெற முடியாதது போன்றது. சொல்லிலிருந்து விடையை எளிதில் கணக்கிடலாம். விடையிலிருந்து சொல்லைக் கணக்கிட இயலாது. பயனர் சொல்லைத் தட்டச்சு செய்யும்போது கணினி அதை மீண்டும் அரைத்துப் பார்க்கிறது. வந்த மாவும் வைத்திருக்கும் மாவும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்கிறது. இவ்விடையைக் கணினித் துறையினர் 'ஹாஷ்' என்பர். கணினிக்குச் சொல் தெரியாமலேயே சொல்லின் உரிமையாளரை அடையாளம் காணும் வழி இதுவே.

யூனிக்சின் முதல் வடிவில் இந்தப் பாதுகாப்பு இல்லை. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் 1969இல் தொடங்கிய யூனிக்சு, முதலில் கடவுச்சொற்களை உள்ளவாறே கோப்பில் வைத்திருந்தது. பின்னர் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய எம்-209 என்னும் மறையீட்டு இயந்திரத்தின் செயலை நிரலாக எழுதி, அதனைக் கொண்டு சொற்களை மறைத்தனர். ஆனால் அந்த நிரல் மிக விரைவாக ஓடியது. பிடிபி-11/70 கணினியில் ஒரு சொல்லைச் சோதிக்க ஏறத்தாழ 1.25 மில்லிநொடியே ஆனது. அதாவது, சொல்லை ஊகித்துப் பார்ப்பவர் ஒரு நொடியில் 800 சொற்களை முயன்று பார்க்கலாம்.

ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் ஆகிய இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்துறையில் திருப்புமுனையாக அமைந்தது. பயனர்களிடமிருந்து திரட்டிய 3289 கடவுச்சொற்களை அவர்கள் ஆராய்ந்தனர். அவற்றில் 15 சொற்கள் ஒரே ஓர் எழுத்தாலும் 72 சொற்கள் இரண்டு எழுத்தாலும் ஆனவை. அகராதியில் உள்ளவை, மிகக் குறுகியவை, சிற்றெழுத்துகள் மட்டுமே கொண்டவை என எளிதில் ஊகிக்கத்தக்க சொற்கள் மொத்தம் 2831. இது 86 விழுக்காடு. மறக்கக் கூடாது என்னும் அச்சத்தில் மக்கள் எளிய சொற்களைத் தேர்ந்தெடுத்தனர் என்பதை இந்த எண்ணிக்கை காட்டியது.

இதற்கு அவர்கள் இரண்டு மாற்றங்களைச் செய்தனர். முதலாவது, கணக்கை வேண்டுமென்றே மெதுவாக்கியது. டிஇஎஸ் என்னும் மறையீட்டு முறை 25 முறை திரும்பத் திரும்பச் செய்யப்பட்டது. இரண்டாவது, ஒவ்வொரு சொல்லுடனும் 'உப்பு' எனப்படும் ஒரு தற்போக்கு எண்ணைச் சேர்த்தது. 12 இருமங்கள் கொண்ட இந்த எண்ணால் ஒரே சொல்லுக்கு 4096 வெவ்வேறு விடைகள் வரலாம். இருவர் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தாலும் கோப்பில் அவை வெவ்வேறாகத் தெரியும். முன்கூட்டியே விடைகளைக் கணக்கிட்டுப் பட்டியலாக வைத்துக்கொள்வதும் கடினமாயிற்று. அதே ஆண்டு வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்சில் இம்முறை இடம்பெற்றது. இன்றைய லினக்சு முறைகள் வலிமையில் பல மடங்கு வளர்ந்துள்ளன. எனினும் மெதுவான கணக்கு, உப்பு என்னும் இரண்டு தூண்களும் அன்று நாட்டப்பட்டவையே.

நிழல் கோப்பு

ஹாஷ் விடையைத் திருப்ப முடியாது என்பதால், அது உள்ள கோப்பை எல்லோரும் படிக்கும்படி விட்டிருந்தனர். பயனரின் எண்ணைப் பெயராக மாற்றிக் காட்டுவதற்குப் பல நிரல்களுக்கு அந்தக் கோப்பு தேவைப்பட்டதும் ஒரு காரணம். ஆனால் கணினிகளின் விரைவு கூடக் கூட, கோப்பைப் படித்து, சொற்களை ஊகித்து ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதாயிற்று.

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் இணையத்தில் பரவிய புழு நிரல் இதை மெய்ப்பித்தது. அது கடவுச்சொல் கோப்பைப் படித்து, பயனரின் பெயரையும் தன்னுள் இருந்த 432 சொற்களின் பட்டியலையும் கொண்டு கடவுச்சொற்களை ஊகித்தது. அதனை எழுதிய ராபர்ட் டாப்பன் மாரிஸ், 1979ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதிய ராபர்ட் மாரிசின் மகன் என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்குத் தீர்வாக ஹாஷ் விடைகள் மட்டும் தனியே பிரிக்கப்பட்டு, ரூட் தவிரச் சாதாரணப் பயனர் எவரும் படிக்க முடியாத 'ஷேடோ' என்னும் நிழல் கோப்புக்கு மாற்றப்பட்டன. ஜூலி ஹா 1987இல் இதற்கெனத் தனி மென்பொருள் தொகுப்பை எழுதினார். அது 1992இல் லினக்சுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்றும் லினக்சு கணினிகளில் கடவுச்சொல் விடைகள் இந்த நிழல் கோப்பிலேயே உள்ளன. நிர்வாகி கடவுச்சொல்லை மீட்பது என்றால், நடைமுறையில் இந்தக் கோப்பில் ஒரு வரியை மாற்றுவதுதான்.

ஆனால் அந்தக் கோப்பை மாற்ற ரூட்டாக இருக்க வேண்டும். ரூட்டாக நுழையக் கடவுச்சொல் வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வரும் வழி, கணினி தொடங்கும் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது.

தொடக்க நேரத்தின் பின்வாசல்

பழைய பிடிபி-11 கணினிகளின் முன்பக்கத்தில் வரிசையாகச் சுவிட்சுகள் இருந்தன. ஆறாம் பதிப்பு யூனிக்சில் அச்சுவிட்சுகளை எட்டடி எண் முறையில் 173030 என்னும் நிலையில் வைத்துக் கணினியைத் தொடங்கினால், அது 'ஒற்றைப் பயனர்' நிலைக்குப் போகும். அந்நிலையில் கடவுச்சொல் கேட்கப்படாது. இயந்திரத்தின் முன் நிற்பவர் நேரடியாக ரூட்டாகிவிடுவார். கோப்பு முறைமை சிதைந்தால் சரிசெய்வதற்காக வைக்கப்பட்ட வழி இது. கணினி அறைக்குள் நுழைய அனுமதி பெற்றவர் நம்பிக்கைக்குரியவர் என்பது இதன் அடிப்படை.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் லினக்சை அறிவித்தபோது நிலைமை மாறியிருந்தது. கணினி பூட்டிய அறையை விட்டு வெளியேறி, வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. ஆனால் பின்வாசல் அப்படியே தொடர்ந்தது. முன்பக்கச் சுவிட்சுகளின் இடத்தைத் துவக்க ஏற்றி என்னும் சிறு நிரல் பிடித்துக்கொண்டது. கணினி தொடங்கியவுடன் இயங்குதளத்தின் கருனியை நினைவகத்துக்கு எடுத்து வருவது அதன் பணி. வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய 'லிலோ' தொடக்க காலத்தில் பரவலாக இருந்தது. அதன் தூண்டுவரியில் 'லினக்சு' என்பதோடு 'சிங்கிள்' என்னும் சொல்லைச் சேர்த்துத் தட்டினால் ஒற்றைப் பயனர் நிலை கிடைக்கும். பின்னர் எரிக் போலின் 1995இல் தொடங்கிய 'கிரப்' அதன் இடத்தைப் பிடித்தது. இன்று பெரும்பாலான லினக்சு கணினிகளில் இருப்பது இதன் இரண்டாம் தலைமுறையே.

ஒற்றைப் பயனர் நிலை எல்லோருக்கும் திறந்திருப்பது தவறு என்று உணர்ந்த பின்னர், அங்கும் ரூட்டின் கடவுச்சொல்லைக் கேட்கும் வழக்கம் வந்தது. இதனால் சொல்லை மறந்தவருக்கு அந்த வழி அடைபட்டது. அதற்கும் முந்தைய படி ஒன்று மீதம் இருந்தது. அதுவே இன்றைய மீட்பு முறையின் அடிப்படை.

இன்றைய மீட்பு முறை

கருனி விழித்தெழுந்ததும் வன்தட்டைப் படிப்பதற்கு மட்டுமான நிலையில் இணைத்துக்கொண்டு, 'இனிட்' என்னும் முதல் நிரலை இயக்குகிறது. மற்ற எல்லா நிரல்களும், கடவுச்சொல்லைக் கேட்கும் நுழைவு நிரல் உட்பட, இந்த முதல் நிரலின் வழியாகவே பிறக்கின்றன. முதல் நிரலாக எதை இயக்க வேண்டும் என்று கருனிக்கு நாமே சொல்ல முடியும். 'இனிட்' நிரலுக்குப் பதிலாக 'பாஷ்' என்னும் கட்டளைச் செயலியை இயக்கச் சொன்னால், கடவுச்சொல்லைக் கேட்க வேண்டிய நிரல் பிறக்கவே இல்லை. வாயிற்காவலர் பணிக்கு வருவதற்கு முன்பே வீட்டுக்குள் நுழைந்துவிடுவதைப் போன்றது இது.

நடைமுறையில் அதன் படிகள் பின்வருமாறு அமையும்.

1. கணினி தொடங்கும்போது கிரப் பட்டியலை வரவழைக்க வேண்டும். பட்டியல் தானாகத் தோன்றாவிட்டால், கணினி வகையைப் பொறுத்து ஷிஃப்ட் விசையையோ எஸ்கேப் விசையையோ அழுத்தலாம்.
2. உரிய வரியைத் தேர்ந்து, திருத்துவதற்குரிய 'ஈ' விசையை அழுத்த வேண்டும்.
3. 'லினக்சு' என்று தொடங்கும் வரியின் இறுதியில், முதல் நிரலாகப் பாஷ் செயலியின் முகவரியைக் குறிப்பிட வேண்டும்.
4. கன்ட்ரோல், எக்ஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கணினி தொடங்கி, கடவுச்சொல் கேட்காமல் ரூட் நிலையில் நிற்கும்.
5. வன்தட்டை எழுதக்கூடிய நிலைக்கு மாற்றி இணைத்த பின், கடவுச்சொல் மாற்றும் ஆணையைக் கொடுத்துப் புதிய சொல்லை இருமுறை தட்டச்சு செய்ய வேண்டும்.
6. எழுதியவை அனைத்தும் வன்தட்டில் பதிந்ததை உறுதி செய்து, கணினியை மீண்டும் தொடங்க வேண்டும்.

நான்காம் படியோடு நின்று, ஐந்தாம் படியின் முதற்பகுதியை மறந்து தவிப்போர் பலர். வன்தட்டு படிப்பதற்கு மட்டுமான நிலையில் இருந்தால் புதிய சொல் பதியாது.

லினக்சு வழங்கல்களுக்கிடையே சில வேறுபாடுகள் உண்டு. உபுண்டுவில் இதற்கெனவே மீட்பு நிலை என்னும் பட்டியல் வரி உள்ளது. ரெட் ஹேட் வகையில், தொடக்கத்தின் இடையே நிறுத்தும் கட்டளை ஒன்றைச் சேர்த்து, உண்மையான கோப்பு முறைமைக்குள் சென்று சொல்லை மாற்றுவர். அங்கே எஸ்ஈலினக்சு என்னும் கூடுதல் பாதுகாப்பு இருப்பதால், கோப்புகளுக்கு மீண்டும் அடையாளமிடுமாறு ஒரு குறிப்புக் கோப்பையும் உண்டாக்க வேண்டும். அதை விட்டுவிட்டால், புதிய சொல் சரியாக இருந்தும் கணினி உள்ளே விடாமல் போகலாம்.

கிரப் பட்டியலை எட்ட முடியாவிட்டால் வேறு வழியும் உண்டு. பென் டிரைவில் உள்ள லினக்சிலிருந்து கணினியைத் தொடங்கி, வன்தட்டை ஒரு புறக்கோப்பகமாக இணைத்து, அதனுள் வேர் அடைவை மாற்றிக்கொண்டு சொல்லை மாற்றலாம். தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் இடம்பெற்ற, சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்சும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. அதற்கும் இம்முறைகள் பொருந்தும்.

பின்வாசலுக்கும் பூட்டு

சொல்லை மறந்த உரிமையாளருக்குத் திறக்கும் வாசல், கணினியைத் திருடியவருக்கும் திறக்கும். இருவருக்கும் இடையே வேறுபாடு காண இயந்திரத்தால் இயலாது. எனவே லிலோ, கிரப் இரண்டிலுமே தொடக்க வரியைத் திருத்துவதற்குக் கடவுச்சொல் வைக்கும் வசதி அளிக்கப்பட்டது.

அந்தப் பூட்டும் முழுமையானதன்று என்பது 2015 டிசம்பரில் தெரிந்தது. எக்டர் மார்கோ, இஸ்மாயில் ரிபோல் என்னும் ஆய்வாளர்கள், கிரப் பயனர் பெயரைக் கேட்கும் இடத்தில் பின்னழிப்பு விசையை 28 முறை அழுத்தினால் பூட்டைக் கடந்து மீட்புச் செயலி திறப்பதைக் கண்டறிந்தனர். 2009ஆம் ஆண்டின் 1.98 பதிப்பிலிருந்தே இந்தப் பிழை இருந்துள்ளது. எழுத்துகளின் எண்ணிக்கை பூச்சியத்துக்குக் கீழே போகக் கூடாது என்னும் சோதனை விடுபட்டதே காரணம். பின்னர் அது திருத்தப்பட்டது.

பிழை இல்லாவிட்டாலும், வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்திவிட்டால் எந்தத் துவக்கப் பூட்டும் பயன்படாது. நுழைவுக் கடவுச்சொல் காப்பது இயங்கிக்கொண்டிருக்கும் கணினியையே. வன்தட்டில் உள்ள எழுத்துகளை அது காப்பதில்லை.

மறதி இழப்பாகும் இடம்

வன்தட்டில் உள்ளவற்றையே மறையாக்கம் செய்வது இதற்குத் தீர்வாக வந்தது. கிளெமென்ஸ் ஃப்ரூவிர்த் உருவாக்கிய 'லக்ஸ்' என்னும் வரையறை லினக்சில் இதற்கான பொது முறையாக விளங்குகிறது. இதில் தட்டின் உள்ளடக்கம் தற்போக்காக உண்டாக்கப்பட்ட ஒரு முதன்மைத் திறவுகோலால் மறைக்கப்படுகிறது. அந்தத் திறவுகோல், பயனரின் கடவுத்தொடரால் பூட்டப்பட்டுத் தட்டிலேயே வைக்கப்படுகிறது.

இங்கே கதை தலைகீழாகிறது. முன்பு கடவுச்சொல் ஒரு சோதனை மட்டுமே. சோதிப்பவரைக் கடந்துவிட்டால் பொருள் கையில் கிடைக்கும். மறையாக்கத்தில் கடவுத்தொடர் கணக்கின் ஒரு பகுதி. அது இல்லாமல் தட்டில் இருப்பது பொருளற்ற எண்களே. 2016இல் அதே இரு ஆய்வாளர்கள், மறையாக்கம் செய்த சில லினக்சு கணினிகளில் என்டர் விசையை ஏறத்தாழ 70 நொடிகள் அழுத்திப் பிடித்தால் ரூட் நிலைச் செயலி திறப்பதைக் காட்டினர். ஆனால் அவ்வாறு ரூட்டானவராலும் மறைந்துள்ள கோப்புகளைப் படிக்க முடியவில்லை. எல்லா அதிகாரமும் உடைய ரூட்டின் எல்லை இங்கே முடிந்தது.

நுழைவுச் சொல்லை மாற்றிய பின் பலர் காணும் ஒரு சிறிய சிக்கலும் இதே வகையைச் சேர்ந்தது. க்னோம் மேசைத்தளத்தில் சேமித்த கடவுச்சொற்களின் சாவிக்கொத்து பழைய நுழைவுச் சொல்லாலேயே பூட்டப்பட்டிருக்கும். நிர்வாகி புதிய சொல் வைத்துத் தந்தாலும் சாவிக்கொத்து பழைய சொல்லையே கேட்கும்.

இத்தகைய இழப்பைத் தவிர்ப்பதற்காகவே லக்ஸ் முறையின் முதற் பதிப்பில் 8 திறவிடங்கள் வைக்கப்பட்டன. ஒரே தட்டுக்கு வெவ்வேறு கடவுத்தொடர்கள் பலவற்றை இவற்றில் அமைக்கலாம். ஒன்றை அன்றாடம் பயன்படுத்தி, மற்றொன்றைத் தாளில் எழிதாமல் விடாது, எழுதிப் பெட்டியில் பத்திரப்படுத்தவோ நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைக்கவோ முடியும். முதன்மைத் திறவுகோல் உள்ள தலைப்பகுதிக்கும் காப்புப் படி எடுத்து வைத்தல் நன்று. அப்பகுதி சிதைந்தால், சரியான கடவுத்தொடரும் உதவாது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த சொல்

மறைந்த சொல்லே உண்மையில் மீட்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1980ஆம் ஆண்டை ஒட்டிய பிஎஸ்டி யூனிக்சின் மூலநிரல் தொகுப்பில் பழைய கடவுச்சொல் கோப்பு ஒன்று விடுபட்டிருந்தது. டென்னிஸ் ரிச்சி, பிரையன் கெர்னிகன், ஸ்டீஃபன் பார்ன், கென் தாம்சன் முதலிய யூனிக்சு முன்னோடிகளின் ஹாஷ் விடைகள் அதில் இருந்தன. 2014இல் லேயா நியூகிர்ச்சன் அவற்றை உடைக்க முயன்றார். பெரும்பாலானவை எளிதில் உடைந்தன. ஸ்டீஃபன் பார்ன் தம் குடும்பப் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தார். கென் தாம்சனின் சொல் மட்டும் நெடுநாள் அசையவில்லை.

2019 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் நைஜல் வில்லியம்ஸ் அதைக் கண்டறிந்தார். நொடிக்கு ஏறத்தாழ 93 கோடி சொற்களைச் சோதிக்கும் வரைகலை அட்டை ஒன்று நான்கு நாட்களுக்கு மேல் ஓடி அதை எட்டியது. 'பி' எழுத்து, சாய்கோடு, 'கியூ' எழுத்து, 2, சிறுகோடு, மீண்டும் 'கியூ', 4, இறுதியில் வியப்புக்குறி ஆகிய எட்டுக் குறிகளே அந்தச் சொல். அரசிக்கு முன் நிற்கும் காலாளை இரண்டு கட்டங்கள் நகர்த்தும் சதுரங்கத் தொடக்கத்தைப் பழைய குறியீட்டு முறையில் எழுதியது அது. தாம்சன், ஜோ காண்டனுடன் சேர்ந்து உருவாக்கிய 'பெல்' என்னும் சதுரங்க இயந்திரம் 1980இல் உலகக் கணினிச் சதுரங்கப் பட்டத்தை வென்றது. செய்தியை அறிந்த தாம்சன் வாழ்த்துத் தெரிவித்தார்.

1979இல் அவரும் மாரிசும் சேர்த்த உப்பும் மெதுவான கணக்கும் நாற்பது ஆண்டுகள் அவருடைய சொல்லைக் காத்தன. எளிய சொல் வைத்திருந்தவர்களை அதே முறையால் காக்க முடியவில்லை.

மறதியும் பொறுப்பும்

கடவுச்சொல்லைக் கணினிக்குக் கொண்டுவந்த கார்பட்டோவே, 2014இல் அளித்த நேர்காணலில், தம் கடவுச்சொற்களைக் குறித்து வைக்கத் தட்டச்சிட்ட தாள்களைப் பயன்படுத்தியதாகக் கூறினார். நினைவில் வைக்க முடியாத அளவுக்கு அவை பெருகிவிட்டன என்பது அவருடைய வருத்தம். எனவே மறதி யாருக்கும் இழுக்கன்று. அது எல்லோருக்கும் வரும் என்று எண்ணியே ஏற்பாடு செய்ய வேண்டும்.

பள்ளி, நூலகம், சிறிய அலுவலகம் போன்ற பொது இடங்களில் இது மேலும் முக்கியமானது. பொறுப்பாளர் பணிமாறுதல் பெற்றோ ஓய்வு பெற்றோ சென்றபின், அடுத்து வருபவருக்குச் சாவிக்கொத்து கிடைக்கும், கடவுச்சொல் கிடைப்பதில்லை. மறையாக்கம் செய்யாத கணினி என்றால் கிரப் பட்டியல் வழியாகப் பத்து நிமிடங்களில் சரிசெய்யலாம். மறையாக்கம் செய்த கணினி என்றால் அதிலுள்ள மதிப்பெண் பட்டியல்களும் பதிவேடுகளும் அவரோடு போய்விடும். இருப்புப் பதிவேட்டை ஒப்படைக்கும்போது, கடவுத்தொடரையும் முத்திரையிட்ட உறையில் ஒப்படைக்கும் வழக்கம் ஏற்பட்டால் இந்த இழப்பு நேராது.

தம் கணினியில் இவ்விரண்டில் எந்தப் பூட்டு இருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். நுழைவுச் சொல்லை மறந்தால் புதிய சொல் வைத்துக்கொள்ளலாம். மறையாக்கத் தொடரை மறந்தால் காப்புப் படி ஒன்றே துணை.